வால் வைத்த மஞ்சள் பொட்டு

எங்கள் தொழிலில் ரொம்பச் சுத்தமாக வேலை செய்வது குற்றம். ஐம்பது வருடப் பழைய, பெரிய எஞ்சின் வைத்த மசில் கார் ஒன்றைப் பிரித்துப் போட்டு, துருவைச் சுரண்டி, கண்ணாடி மாதிரி பெயிண்ட் அடித்துக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள், கண்காட்சி நடுவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். "ஆலையில எவன் இவ்வளவு அழகா செஞ்சான்?" என்பார்கள். அந்தக் காலத்தில் ஆலையில் பெயிண்ட் வழிந்திருந்தால் நாமும் வழியவிட வேண்டும். ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டியிருந்தால் நாமும் அதே கோணலில் ஒட்ட வேண்டும். எவனோ செய்த தப்பைத் தப்பாமல் திருப்பிச் செய்கிறவளுக்குத்தான் இங்கே மரியாதை. அந்த மரியாதை எனக்கு நிறையவே இருந்தது.

என் பெயர் நோரீன். நானும் என் கணவன் ரஸ்ஸும் ஒஹாயோவில், யங்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் வைத்திருக்கிறோம். வண்டியைப் பிரிப்பதும் பூட்டுவதும் அவன் வேலை. கம்பெனி செய்வதை நிறுத்திவிட்ட சாமான்களை அச்சு அசலாகப் புதிதாகச் செய்வது என் வேலை. தலையில் சரியான முத்திரை குத்திய போல்ட், சரியான சாம்பல் பூச்சுள்ள நட், கதவுக்குள் ஒளிந்திருக்கும் கிளிப் என்று எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பேன். ஆனால் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நட்டும் இல்லை, போல்ட்டும் இல்லை. ஒரு சொட்டு மஞ்சள் பெயிண்ட்.

ஆலையில் முக்கியமான நட்டை முறுக்கியதும், அதைப் பரிசோதிக்கிறவர் ஸ்பானர் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு பொட்டு வைப்பார். பார்த்தாயிற்று என்று அர்த்தம். எல்லா ஆலையிலும் உள்ள வழக்கம்தான். எங்கள் பக்கத்து ஆலையில் எழுபதாம் வருடம் செய்த ஒரு மாடலில் மட்டும் (பெயரைச் சொல்ல மாட்டேன், கம்பெனிக்காரர்களிடம் வக்கீல்கள் அதிகம்) ஒரு விசேஷம் உண்டு. ஸ்டீயரிங் பெட்டிக்குக் கீழே, சக்கரங்களைத் திருப்புகிற கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெரிய நட்டில், பொட்டுக்கு ஒரு வால் இருக்கும். மேல்நோக்கி விசுக்கென்று இழுத்த வால். யாரும் கை வைக்காத ஒரு வண்டியின் அடியில் படுத்திருந்தபோது அதை முதலில் பார்த்தது நான்தான். பிறகு வேறு சில வண்டிகளிலும் பார்த்தேன். எழுதினேன், படம் போட்டேன், சண்டை போட்டேன். கடைசியில் அந்த வகை வண்டிக்கு வால் இல்லாவிட்டால் மார்க் குறைப்பது என்று நடுவர்களே முடிவு செய்தார்கள். நட், வாஷர், ஒரு சின்னப் புட்டி மஞ்சள் பெயிண்ட், நுனி வெட்டிய பிரஷ், மணிக்கட்டை எப்படி வெட்டி இழுக்க வேண்டும் என்று படம் போட்ட அட்டை, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தேன். செய்து மாளவில்லை, அப்படி விற்றது.

போன ஆகஸ்ட் மாதம், எங்கள் மாவட்ட மைதானத்தில் நடந்த பழைய கார் கண்காட்சியில் லயனல் டிரெட்வெல்லின் வண்டிக்கு முதல் பரிசு. லயனல் ஆக்ரன் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர். எலும்புக்கூடாகக் கிடந்த வண்டியை வாங்கி எங்களிடம் தள்ளிக்கொண்டு வந்தவர். ஷெட்டில் அதை முழுசாகப் பூட்டினது ரஸ், சாமான் பாதிக்குமேல் என்னுடையது. வண்டிக்கு அடியில் வைத்திருந்த கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்த நடுவர், "வாலைப் பாருங்கப்பா! அப்படியே ஆலையிலருந்து வந்த மாதிரி!" என்று கூவினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கப்புல பாதி உங்களுக்கு நோரீன்," என்றார் லயனல். "ஆனா நான் அறுத்துத் தரமாட்டேன்."

அவருடைய மகள் சிமோன், கல்லூரியில் படிக்கிற பெண், சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "ஜெயிச்சா வீடு வரைக்கும் நான்தான் ஓட்டுவேன்னு பந்தயம். பேச்சு மாறக் கூடாதுப்பா."

"மாறல தாயே. ஆனா ஹைவே வேணாம். பழைய ரோட்டுல, ஏரிப் பாலம் வழியா, மெதுவா."

வண்டி உறுமிக்கொண்டு மைதானத்தை விட்டுப் போனது. போகிற வழியெல்லாம் ஜனங்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவர்கள் போய் அரை மணி ஆகியிருக்கும். நாங்கள் சாமான் விற்கிற மேசைக்கு மேலே, அந்தப் பொட்டின் படத்தைப் பெரிதாக்கித் தொங்கவிட்டிருந்தேன். அதைப் பார்த்தபடி ஒரு கிழவர் நின்றார். கையில் நீளக் கம்பியில் கட்டிய சின்னக் கண்ணாடி. ஒவ்வொரு கண்காட்சியிலும் வண்டிக்கு வண்டி குனிந்து அடியில் பார்த்துவிட்டு, சொந்தக்காரரிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போவாரே, அவர்தான். எமில் ஹுடாக் என்று பெயர். வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். அவருக்கு மரை கொஞ்சம் கழன்றுவிட்டது என்று எங்களுக்குள் பேச்சு.

"இந்த வாலை யாரு வெக்கிறா?" என்றார்.

"நான்தான் பெரியவரே. இந்த ஊர்லயே சரியான வால் நம்மகிட்டதான். ஒரு பெட்டி போடவா?"

"சரியான வாலா? அது என் வாலும்மா."

ரஸ் சிரித்துவிட்டான். "உங்களுக்கு வாலு இருக்கா பெரியவரே? காட்டுங்க, படம் எடுத்து விக்கிறோம்."

கிழவர் சிரிக்கவில்லை. "அந்த நட்டைப் பாத்துப் பொட்டு வெச்சவன் நான். எழுபதாம் வருசம், ரெண்டாவது ஷிஃப்ட்டு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டேன், எலுமிச்சைச் சாற்றை நீட்டினேன், அவரோடு படம் எடுத்துக்கொள்ள ஃபோனைத் தேடினேன். அவர் எதையும் வாங்கவில்லை, உட்காரவும் இல்லை.

"அந்த வருசம் லைன் வேகத்தை ஏத்திட்டானுங்க. மூச்சு விட நேரமில்ல. ஸ்பானரை வெச்சுப் பாத்துட்டுப் பொட்டு வெச்சா, கை நிதானமா இருக்கும். பொட்டு உருண்டையா விழும். ஸ்பானர் வெக்காமலே பொட்டு வெச்சா, கை அதுக்குள்ள அடுத்த வண்டிக்குப் போயிட்டிருக்கும். அப்ப இழுக்கும் பாரு, வால்."

நான் புரியாதது போல நின்றேன். புரிந்துவிட்டது. "அப்படின்னா வால் இருந்தா..."

"நான் பாக்கலைன்னு அர்த்தம். பாத்தேன்னு சொல்லிக் கூலி வாங்கினேன்னு அர்த்தம்."

"உங்களுக்கு முன்னாடி நின்னவரு முறுக்கியிருப்பாருல்ல?"

"முறுக்கியிருப்பான். முறுக்காமலும் விட்டிருப்பான். அதைப் பாக்கத்தானம்மா நான்." கண்ணாடிக் கம்பியைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "அதுக்குத்தான் வண்டி வண்டியாக் குனிஞ்சு பாக்கறேன். வாலைப் பாத்தா, நட்டை ஒரு தடவை முறுக்கிப் பாரு தம்பின்னு சொல்லிட்டு வர்றேன். முன்னெல்லாம் எப்பவாச்சும் ஒண்ணு கண்ணுல படும். இந்த அஞ்சாறு வருசமா எங்க குனிஞ்சாலும் வால். எத்தனை வண்டியடா இப்படி விட்டோம், எத்தனை குடும்பம் அதுல போச்சோன்னு எனக்குத் தூக்கமே போச்சு. இப்பல்ல தெரியுது. நீ வித்துக்கிட்டிருக்க."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பெருமையாக அடித்துக்கொண்டிருந்த தம்பட்டம் ஒரு கிழவரின் நெஞ்சில் அடி அடியாக விழுந்திருக்கிறது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தலைக்கு மேலே தொங்கிய படத்தைப் பார்த்தேன். ஆயிரம் தடவை பார்த்த படம். சாம்பல் நட், மஞ்சள் பொட்டு, அழகான வால். முதல் தடவையாக நட்டுக்குக் கீழே இருந்த வாஷரைப் பார்த்தேன்.

அது ஒரு இடத்தில் வெட்டுப்பட்ட வளையம். நட்டை முழுசாக முறுக்கினால் நசுங்கிப் படுத்துவிடும். படத்தில் அது வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

படத்தில் இருந்தது லயனலின் வண்டி. வசந்தத்தில் ஒரு மத்தியானம், வண்டி லிஃப்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ரஸ் கையால் நட்டைத் திருகிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். கதவு வழியாக வெயில் வந்து நேராக அந்த நட்டின் மேல் விழுந்தது. அப்படி ஒரு வெளிச்சம் திரும்பக் கிடைக்காது என்று, பிரஷை எடுத்துப் பொட்டு வைத்துப் படம் எடுத்தேன். ரஸ் வந்து முறுக்கியதும் பொட்டு கலையும், திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் யாரோ வந்தார்கள், எதையோ இறக்கினார்கள், மறந்துபோனேன்.

"ரஸ்," என்றேன். "லயனல் வண்டியில இந்த நட்டை நீ முறுக்கினியா?"

"முறுக்காமயா? மஞ்சள் இருந்துச்சே."

"மஞ்சளை விடு. முறுக்கினது ஞாபகம் இருக்கா?"

"என்ன கேள்வி இது? மஞ்சள் இருந்தா முறுக்கியாச்சு. நம்ம ஷெட்டுல எப்பவும் இதானே சட்டம்?"

"அந்த மஞ்சளை நான்தான் வெச்சேன். நீ சாப்பிடப் போனப்ப. படம் எடுக்க."

ரஸ் படத்தைப் பார்த்தான். வாஷர் அவன் கண்ணிலும் பட்டது. அவன் முகம் வெளுத்தது. நான் லயனலுக்கு ஃபோன் போட்டேன்.

லயனலின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அந்த எஞ்சின் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மேசையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பிக்கப்பில் ஏறினோம். ஹுடாக் கேட்காமலே ஏறிக் கதவோரம் உட்கார்ந்தார். நான் நடுவில்.

ரஸ் வேகமாக ஓட்டினான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன், கொஞ்சம் இறங்கியிருக்கும். சாலை வளைகிற இடமெல்லாம் நான் பள்ளத்தைப் பார்த்தேன். சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன், வண்டியின் நிறம் சிவப்பு. ஒரு வீட்டு வாசலில் சிவப்புத் தபால் பெட்டியைப் பார்த்துக் கத்திவிட்டேன். அந்த நட் கழன்றால் ஸ்டீயரிங் பொம்மை மாதிரி சும்மா சுற்றும், சக்கரம் அது பாட்டுக்குப் போகும். அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வாள்? ஏரிப் பாலத்தில் ஏறும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொள்ளக்கூட எனக்கு அருகதை இல்லை என்று திரும்பத் திறந்தேன். கைப்பிடிச் சுவர் முழுசாக இருந்தது.

பாலம் தாண்டி, ஐஸ்கிரீம் கடை வாசலில், சிவப்பு வண்டி நின்றுகொண்டிருந்தது. லயனல் பானெட்டில் சாய்ந்து நின்றார். சிமோன் கையில் கோன். கப்பு முன்சீட்டின் நடுவில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

"அட, விடமாட்டீங்களா?" என்றார் லயனல். "கப்பை அறுக்க வந்தீங்களா?"

"ஒண்ணைப் பாத்துட்டுப் போயிடறோம்," என்று ரஸ் பிக்கப்பிலிருந்து ஜாக்கியை எடுத்தான்.

"அதுவும் சரிதான்," என்றாள் சிமோன். "பாலத்துல ஸ்டீயரிங் ஒரு மாதிரி ஆடுச்சு. அப்பாகிட்ட சொன்னா, பழைய வண்டின்னா அப்படித்தான், சும்மா ஓட்டுன்னாரு."

ரஸ் சரளையில் மல்லாந்து படுத்து உள்ளே போனான். நான் குனிந்து பார்த்தேன். ஸ்பானரே தேவைப்படவில்லை. இரண்டு விரலால் நட்டைத் திருப்பினான், திரும்பியது. பாதி மரை வரை தானாகவே இறங்கி வந்திருந்தது. நானும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வெளியே வந்தவன் கையைத் துடைத்துக்கொண்டே லயனலிடம் சொன்னான். "ஒண்ணுமில்ல, ஒரு நட்டு லேசா இளகியிருக்கு. புதுசாப் பூட்டின வண்டி, எல்லாம் உக்கார நாளாகும். ரெண்டு நிமிச வேலை."

"இதுக்கா இவ்வளவு தூரம் ஓடி வந்தீங்க?" லயனலின் முகம் மலர்ந்தது. "வேற எவன் வருவான்? இதுக்குத்தான் உங்ககிட்ட குடுத்தேன். சிமோன், இவங்களுக்கும் ஐஸ்கிரீம் வாங்கு."

வேண்டாம் வேண்டாம் என்றாலும் வாங்கிவிட்டாள். கோன் என் கையில் வந்தது. ரஸ் என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னான். லயனலோ நன்றி சொல்கிறார். ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டில் வழிந்தது. ஹுடாக் பிக்கப் ஓரமாக நின்று என்னைப் பார்த்தார். சொல்லாமல் விட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, அவரைப் பார்த்தாலே போதும்.

"இளகல லயனல்," என்றேன். "முறுக்கவே இல்ல."

ரஸ் "நோரீன்" என்று அடிக்குரலில் சொன்னான். நான் நிறுத்தவில்லை. வெளிச்சம், படம், பொட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். முறுக்கின நட்டுக்கு வைக்க வேண்டிய பொட்டை முறுக்காத நட்டுக்கு வைத்தேன், அதைப் பார்த்து ஏமாந்ததுதான் ரஸ்ஸின் தப்பு என்றேன். "பாலத்துல ஆடினது பழைய வண்டின்றதால இல்ல. என்னாலதான்."

லயனல் மகளைப் பார்த்தார். பாலத்தைத் திரும்பிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"இவதான் ஓட்டிட்டு வந்தா நோரீன்."

"தெரியும்."

"நான்தான் சும்மா ஓட்டுன்னேன்." அதுவும் என் கணக்கில்தான் சேரும். "அந்தப் பொட்டுக்குத்தானே கப்பு குடுத்தானுங்க?"

நான் தலையை ஆட்டினேன்.

"கீழ போங்க. அவரு வேணாம். நீங்க முறுக்குங்க."

முறுக்கு சரியான அளவுக்கு வந்ததும் 'டக்' என்று சத்தம் போடுகிற ரஸ்ஸின் அளவு ஸ்பானரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். சரளை முதுகில் குத்தியது. அந்த நட்டை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன், ஒரு தடவைகூட முறுக்கியதில்லை. இரண்டு கையாலும் தொங்கி இழுத்தேன். வாஷர் மெதுவாக வாயை மூடியது. ஸ்பானர் 'டக்' என்று சொன்னது.

"கேட்டுச்சு," என்று ஹுடாக் சரளையில் மண்டியிட்டார். "முறுக்கினா பொட்டு வெக்கணும். பழசைத் துடைச்சுட்டு வை."

பெயிண்ட்டும் பிரஷும் எப்போதும் என் மேல்சட்டைப் பையில் இருக்கும். பழைய பொட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். விசுக்கென்று வால் இழுத்தது.

துடைத்தேன். நிதானமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். வால். இன்னொரு கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வைத்தேன். சின்னதாக, ஆனால் வால்தான்.

"வருதா?" என்றார் ஹுடாக்.

"வருதே பெரியவரே."

"வரும். எங்க வீட்டு வேலிக்குப் பெயிண்ட் அடிச்சேன், ஒவ்வொரு பலகையிலும் வந்துச்சு. எம் பொண்டாட்டி அழகா இருக்குன்னா. நான் என்னத்தைச் சொல்ல?"

அப்போது சிமோன் கோனை அப்பா கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். "நகருங்க. எனக்கு அந்தச் சத்தம் கேக்கணும்." ஸ்பானரைப் பிடுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். 'டக்.' திரும்ப ஒரு தடவை. 'டக்.' என் கையிலிருந்து பிரஷை வாங்கி, துணியால் என் வாலைத் துடைத்துவிட்டு, பெரிதாக, உருண்டையாக ஒரு பொட்டு வைத்தாள்.

"அடுத்த வருசம் இதுக்கு மார்க் குறைப்பாங்க," என்று ரஸ் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"குறைக்கட்டும்," என்றாள் அவள், யாரையும் பார்க்காமல்.

லயனல் சாவிக்குக் கையை நீட்டினார். அவள் கொடுத்துவிட்டாள். கப்பைப் பின்சீட்டில் தூக்கிப் போட்டுவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்களைப் பார்த்துக் கை காட்டவில்லை. ஏன் காட்ட வேண்டும்?

நாங்கள் மூவரும் மைதானத்துக்குத் திரும்பினோம். பாலம் வந்ததும் ஹுடாக் கேட்டார்.

"எத்தனை பெட்டி வித்திருப்ப?"

"நூத்துக்கணக்குல. சரியாத் தெரியல."

"எனக்கும் தெரியாது," என்றார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "உங்கிட்டயாச்சும் வாங்கினவங்க விலாசம் இருக்கும்மா" என்றார்.

மறுநாள் காலையில் முதல் ஃபோனைப் போட்டேன். என்னிடம் பெட்டி வாங்கிய ஒரு இந்தியானாக்காரர். என் குரலைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். அந்த வால் பிரமாதமாக வந்திருக்கிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் அசந்துபோகிறார்கள் என்றார்.

"ஒண்ணு கேக்கணும்," என்றேன். "நட்டை முறுக்கிட்டுப் பொட்டு வெச்சீங்களா, இல்ல பொட்டை வெச்சுட்டு முறுக்கிக்கலாம்னு விட்டீங்களா?"

"ஒரு நிமிசம் இருங்க," என்றார், ஃபோனைக் கீழே வைக்கிற சத்தமும் பிறகு ஷெட் கதவைத் திறக்கிற சத்தமும் கேட்டன.